கொழும்பு வழியாக ஒரு கிளாஸ் தண்ணீர்

உம்மு குல்சூமுக்குத் தாகம் எடுத்தால், புத்தளம் தில்லையடியில் தண்ணீர் கிடைக்கக் கொழும்பு மனம் வைக்க வேண்டியிருந்தது. பகிடி இல்லை. கட்டிலில் கிடந்தபடியே இடது கைப் பெருவிரலால் சின்னப் போனின் இரண்டாம் இலக்கத்தை அமத்திப் பிடிப்பார். நூற்று முப்பது கிலோமீற்றருக்கு அப்பால், தெமட்டகொடையில் ஒரு மாடி வீட்டில் மகள் மபாஸாவின் போன் அடிக்கும். "மகள், தொண்ட காயுது" என்பார். மபாஸா உடனே புருசனுக்கு எடுப்பாள். தில்லையடி விறாந்தையில், மாமியின் கட்டிலுக்குப் பதினைந்து அடி தள்ளிக் கதிரையில் இருக்கிற அத்தாஉல்லாவின் போன் அடிக்கும். "இஞ்ச பாருங்க, உம்மாக்குத் தண்ணி வேணுமாம்." அவர் எழும்பிப் போய்க் கொடுப்பார். குடித்து முடிந்த கிளாஸை எடுக்கச் சொல்ல இன்னொரு கோல் வரும்.

மாமிக்கும் மருமகனுக்கும் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் மரியாதை! அந்தக் காலத்து மாமிமார் மருமகனுக்கு முன்னால் வரமாட்டார்கள், முகம் பார்த்துக் கதைக்கமாட்டார்கள். இந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், நல்லாயிருக்கட்டும். உம்மு குல்சூம் அந்த ரகம் இல்லை. கல்பிட்டியில் இருந்து அத்தாஉல்லா மாப்பிள்ளையாக வந்து இறங்கிய நாள் முதல், கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுதான் உபசரிப்பு. "மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு மீன் வை மகள்." அவரும் பீங்கானைப் பார்த்துக்கொண்டே, "மாமியையும் சாப்பிடச் சொல்லு" என்பார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் கதையைக் கடத்துவது மபாஸாவின் வேலை. இருபத்தைந்து வருசம் இப்படியே ஓடியது. நாலு வருசத்துக்கு முன் பாரிசவாதம் வந்து உம்மு குல்சூமின் வலது பக்கத்தைக் கொண்டுபோனது. வழக்கத்தை அதனாலும் அசைக்க முடியவில்லை. மருமகன் அறை வாசலைக் கடந்தால் இடது கை தானாகவே முக்காட்டை இழுத்துவிடும்.

மார்ச் மாதம் மபாஸாவின் ஒரே மகள் ஸபீனாவுக்கு, கொழும்பில் புருசன் இனாஸ் வீட்டில், தலைப்பிள்ளை. மபாஸா மூன்று நாளைக்கு என்று மூன்று உடுப்பை மடித்து எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனாள். மாமியைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றப் பக்கத்து வீட்டு மர்ளியா காலையும் மாலையும் வேலிப் படலையால் வந்துபோவதாக ஏற்பாடு. மிச்சம் அத்தாஉல்லாவின் பொறுப்பு.

"ஏலுமா உங்களுக்கு?" என்று பஸ்ஸில் ஏறும்போதும் கேட்டாள்.

"மூணு நாள்தானே. இதென்ன பெரிய மலையா?"

மலையில்லைதான். உப்பளத்தில் முப்பது பேரை மேய்க்கிற மனுசன் அவர். அது மட்டுமா, தேத்தண்ணிக் கடையில் இருந்து, "என்ட பொஞ்சாதிக்கு வீட்டுல பெரிய வேல ஒண்டும் இல்ல, மாமி கட்டில்லதான இரிக்கிறா" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னவரும் அவர்தான். அல்லாஹ் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மபாஸா போன இரண்டாம் நாள் கொரோனாவுக்காகப் புத்தளத்தில் ஊரடங்குச் சட்டம் விழுந்தது. கொழும்பிலும் விழுந்தது. மூன்று நாள் மூன்று கிழமையாகி, அதையும் தாண்டிப் போனது.

கட்டிலில் இருக்கிற ஆளுக்கு என்ன வேலை என்று கேட்டவருக்கு இப்போது விடை கிடைத்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாமியைப் பக்கம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். கஞ்சி கட்டியாக இருந்தால் தொண்டையில் இறங்காது, தண்ணியாக இருந்தால் புரைக்கேறும். ஆறு விதமான குளிசை, அதில் இரண்டு சாப்பாட்டுக்கு முன், ஒன்று பாதியாக உடைத்தது. துவைக்க வேண்டியது ஒரு குன்று. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அத்தாஉல்லாவுக்கு வந்தது இடுப்பு வலி. உப்பு மூட்டை தூக்கியே வராத வலி, ஐம்பது கிலோகூட இல்லாத மாமியைத் திருப்பி வந்துவிட்டது.

மூன்றாம் கிழமை மர்ளியாவின் புருசன் கொழும்பில் இருந்து எப்படியோ வந்து சேர்ந்தான். அவன் பின்னாலேயே சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. வந்து, அவர்கள் வீட்டுக் கேற்றில் தனிமைப்படுத்தல் கடதாசி ஒட்டிவிட்டுப் போனார். பதினாலு நாளைக்கு ஒருவரும் வெளியே வரக்கூடாது. மர்ளியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள்.

"அத்தாஉல்லா நானா, இனி மாமிய ஆர் கழுவுற?"

ஆர் கழுவுகிறது? பள்ளிவாசல் மௌலவிக்கு போன் எடுத்தார். மௌலவி நிதானமாகச் சொன்னார்: "மாமி உங்களுக்கு மஹ்ரம், நானா. நிக்காஹ் முடிஞ்ச நாள்ல இருந்து உம்மா மாதிரி. வேற ஆளில்லாட்டிச் செய்யத்தான் வேணும். பார்வையத் தாழ்த்திக்கொள்ளுங்க."

மார்க்கம் வழிவிட்டது. வெட்கம் வழிவிட வேண்டாமா? அன்று காலை மாமியின் தலையணைக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தார். கொழும்பில் இருந்து மபாஸா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்சீற்றால் போர்த்திவிட்டு அதற்குள்ளே கை விடுங்கள், ஏலாத கையை முதலில் சட்டைக்குள் போடுங்கள், ஏலுமான கையைப் பிறகு. அத்தாஉல்லா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார். மாமி முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, "மகள், மருமகனுக்குக் கரைச்சல் குடுக்கிறேனே, உசிர எடுத்து என்னய மௌத்தாக்கிவிடு எண்டு ரப்புட்ட கேளு" என்று போனோடு அழுதார். "மாமிய அழ வேணாமெண்டு சொல்லு" என்று அவரும் போனோடுதான் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் அரை முழம் இருந்தது.

அவ்வளவு நாளும் கண்ணில் படாதது ஒன்று அப்போதுதான் பட்டது. கட்டில் சட்டத்தில் ஒரு பாவாடை நாடா கட்டியிருந்தது. மறு முனை சும்மா தொங்கியது. கழுவி முடிந்து வெளியே வந்ததும் மபாஸாவிடம் கேட்டார்.

"அதுவா? ராவைக்கு அந்த முனைய என்ட கைல கட்டிக்கொண்டு கீழ பாயில படுப்பன். உம்மா இழுத்தா எழும்புவன்."

"எத்தின தரம் இழுப்பா?"

"ஆரு எண்ணுற? நாலோ அஞ்சோ."

நாலு வருசம்! அந்த நாலு வருசமும் அடுத்த அறையில் பேன் காற்றில் குறட்டை விட்டுத் தூங்கினவர் அவர். காலையில் பிளேன்ரீ அரை மணி பிந்தினால், "என்ன, இன்னும் நித்திரையா?" என்று கேட்டவரும் அவரே. அத்தாஉல்லா கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிற மாதிரி நின்றார். வெட்கமாக இருந்தது. ஒரு ஆளைப் பார்த்து வெட்கப்படலாம், தன்னைத்தானே பார்த்து வெட்கப்பட்டால் எங்கே போய் ஒளிப்பது?

அன்றிலிருந்து நாடாவில் கயிறு முடிந்து நீட்டி, அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு விறாந்தையில் படுத்தார். மருமகனின் கையில் கட்டியிருக்கிற நாடாவை உம்மு குல்சூம் இழுப்பாரா? இழுக்கவே இல்லை. எந்த நேரமானாலும் அதே போன், அதே இரண்டாம் இலக்கம், அதே கொழும்புதான்.

நாட்கள் போகப்போக அத்தாஉல்லாவுக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். மபாஸா வந்துவிட வேண்டும். பொறுமை குறைந்தது. கஞ்சி அடிப்பிடித்தால் சட்டியை எறிந்தார், பிறகு அவரே பொறுக்கினார். சுபஹு தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று மறந்தார். இந்த நேரத்தில்தான் உப்பு லொறி ஓட்டுகிற கூட்டாளி ஹயாத்து முகம்மது வந்தான். உப்பு அத்தியாவசியச் சாமான் என்பதால் அவன் லொறிக்கு மட்டும் பாஸ் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை கொழும்புக்கு லோட் போகிறது, கிராம சேவகர் விதானையாரிடம் கடிதம் எடுத்தால் திரும்பி வரும்போது மபாஸாவை முன் சீற்றில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னான். அத்தாஉல்லாவுக்கு உயிர் வந்தது. விதானையாரின் வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்று கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் தாடியை ஒதுக்கினார்.

"வியாழக்கிழம லொறி வருது. சாமானக் கட்டி வை" என்று மபாஸாவிடம் சொன்னபோது, "ஓம், வாறன்" என்றாள். சந்தோசத்தில் குரல் அடைத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆம்பிளைகளுக்குக் காது இருப்பது கண்ணாடி மாட்டத்தான் போலும்.

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஸபீனா எடுத்தாள். மாமியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததால், எண்ணெய்க் கையோடு முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"வாப்பா, உம்மாக்குத் தெரியாம எடுக்கிறன். அவ உள்ள உறங்குறா."

"இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துல இல்ல வாப்பா, எந்த நேரமும். எனக்குப் பத்து நாள் பாத்தா. பொறகு இனாஸ்ட உம்மாவும் தங்கச்சியும் 'நாங்க பாக்கிறம், நீங்க கொஞ்சம் சாயுங்க' எண்டு சொன்னாங்க. ளுஹர் தொழுதிட்டுச் சாஞ்சவதான், உம்மும்மாட கோலுக்குக் கண் முழிச்சதத் தவிர, அடுத்த நாள் பகல் வரைக்கும் எழும்பல்ல. எங்களுக்குக் கொரோனாவோ எண்டு பயம் வந்திட்டு! இனாஸ் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசல்ல நிண்டு கூப்பிடுறார், புள்ளையத் தூக்கிக்கொண்டு நாங்க அடுத்த ரூம்ல. காய்ச்சலும் இல்ல, இருமலும் இல்ல. டொக்டருக்கு போன் எடுத்தம். மேல் வீட்டு ஆள்ட மெசினால பிரஷர் பாத்தா நூத்தி எண்பது."

அத்தாஉல்லாவின் கை மாமியின் காலில் அப்படியே நின்றது.

"உம்மா வீட்டுல என்ன வேல செய்றா, எத்தின மணிக்குப் படுப்பா எண்டு டொக்டர் கேட்டார். சொன்னன். நாலு வருசமா ராவில நாலஞ்சு தரம் எழும்புறவ எண்டு சொன்னன். அவர், 'பிரஷருக்குக் குளிசை தாறன், மத்ததுக்கு மருந்து நித்திரதான், எழுப்பாதீங்க' எண்டார். இப்பிடியே திருப்பி அனுப்பினா அந்த வீட்டுல ரெண்டாவது கட்டில் இவவுக்குத்தான் போட வேணும் எண்டு சொன்னார் வாப்பா. நாங்க எழுப்பாட்டியும் அந்த போன் அடிச்சா எழும்பிடுறா. உம்மும்மாட கோல். ஒளிச்சு வைச்சுப் பாத்தன், தேடிக்கொண்டு திரியுறா. நாளைக்கு லொறி வருது எண்டு சாமான் கட்டிட்டு, பையைப் பாத்துக்கொண்டே இரிந்தா. நான் சொன்னன் எண்டு சொல்லாதீங்க."

போன் நின்றது. உம்மு குல்சூம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டோமே என்ற நினைவு அத்தாஉல்லாவுக்கு அப்போதுதான் வந்தது. எண்ணெய்ப் போத்தலை மூடினார்.

அவரை நல்லவராக்கிக் காட்ட எனக்கு ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்று மாலை முழுக்க அவருக்கு வந்தது கோபம். அப்ப எனக்கு ஆரு? என் இடுப்பு இடுப்பில்லையா? அவள் அங்கே உறங்க, நான் இங்கே சாகிறதா? இப்படியெல்லாம் மனதுக்குள் ஏசினார். ஏசி முடிந்ததும் கட்டிலில் கட்டிய நாடா ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கே எனக்கு இப்படி என்றால், அவள் ஒரு நாளாவது சட்டியை எறிந்தாளா என்று யோசித்தார். எறியவில்லை. ஆனாலும் லொறியை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. மபாஸா இல்லாமல் இனி ஒரு கிழமைகூடத் தன்னால் ஏலாது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ஒழுங்கை முனையில் லொறியின் ஹோன் அடித்தது. அத்தாஉல்லா விதானையாரின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"மகன்."

திரும்பிப் பார்த்தார். ஆரைக் கூப்பிடுகிறார்? இந்த வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை பிறக்கவே இல்லை. விறாந்தையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. போன் மேசையில் கிடந்தது, அது அடிக்கவும் இல்லை.

"மகன், உங்களத்தான். லொறியப் போகச் சொல்லுங்க."

அத்தாஉல்லா வாசலில் நின்றார். உம்மு குல்சூமின் இடது கை முக்காட்டைப் பிடித்திருந்தது. ஆனால் இழுக்கவில்லை. இருபத்தைந்து வருசத்தில் முதல் தடவையாக மாமி அவரை நேரே பார்த்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"அவள் உறங்கட்டும் மகன். நான் தண்ணி கேட்டுக் கேட்டே என்ட புள்ளைய எழுப்பிட்டன். கொழும்புல இரிந்தும் உறங்க விடல்ல. இனி நான் போன் எடுக்கமாட்டன். உங்களிட்டயே கேக்கிறன். உங்களுக்கு ஏலாட்டியும் ஏலாதெண்டு என்ட முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். பழக்கதோசம், "மாமிட்டச் சொல்லு" என்றுதான் வந்தது. சொல்வதற்கு அங்கே ஆளில்லை. இருவருக்கும் அது ஒரே நேரத்தில் விளங்கியது. உம்மு குல்சூம்தான் முதலில் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, மற்றப் பாதி நாலு வருசமாகச் சிரிப்பதில்லை. அத்தாஉல்லாவுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

"ஏலாதுதான் மாமி," என்றார். "ஆனாலும் பாப்பம்."

போய், மபாஸாவை ஏற்ற வேண்டாம் என்று ஹயாத்து முகம்மதிடம் சொன்னார். "மச்சான், உனக்கென்ன பைத்தியமா? இந்தக் கடிதத்துக்காக விதானையார்ட வாசல்ல நாய் மாதிரி நிண்டியே!" என்று அவன் ஏசிவிட்டு லொறியை எடுத்தான். மபாஸாவுக்கு போன் எடுத்து, வழியில் சிலாபத்தில் ஆட்களை மறிக்கிறார்களாம், உப்பை மட்டும்தான் விடுகிறார்களாம் என்றார். பொய்தான், ரப்பு மன்னிக்கட்டும். அந்தப் பக்கம் ஒரு நீளமான மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "பாவம் உம்மா" என்று பிறகுதான் சொன்னாள்.

பேசத் தொடங்கிய உம்மு குல்சூம் பேசினார், பேசினார், இருபத்தைந்து வருசத்துக் கதையையும் பேசினார். மீன் ஆணத்துக்கு மருமகன் புளி கூடப் போடுகிறார். துணியைப் பிழியாமல் காயப் போடுகிறார். கிணற்றடியில் பாடுகிற பாட்டு, அது பாட்டா? "கலியாணம் முடிச்ச கிழமையே சொல்ல இரிந்தன் மகன், ஆருட்டச் சொல்லுற?" தண்ணிப் பிரச்சினைக்கும் வழி அவரிடமே இருந்தது. மூடி உள்ள போத்தலில் ஓட்டை போட்டு ஒரு ஸ்ட்ரோவைச் செருகி, இடது கைப் பக்கம் கட்டிலில் கட்டிவிட்டால் தானே குடித்துக்கொள்வாராம். அத்தாஉல்லா தலையில் அடித்துக்கொண்டார்.

"இத ஏன் மாமி இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"மகள்ட்டச் சொன்னன். 'நான் உசிரோட இரிக்கக்க உங்களுக்கு என்னத்துக்குப் போத்தல்' எண்டு அழுதாள். பொறகு சொல்லல்ல."

போத்தல் கட்டியாயிற்று. மர்ளியாவின் கேற்றில் இருந்த கடதாசியும் கிழிந்தது, அவள் படலையால் வரத் தொடங்கினாள். பகல் இரண்டு மணியில் இருந்து நாலு மணி வரைக்கும் மருமகன் படுத்தே ஆக வேண்டும் என்று மாமி சட்டம் போட்டார். அரசாங்கத்தின் ஊரடங்கைவிட அது கடுமையான சட்டம். எழும்பி நடமாடினால் உள்ளே இருந்து சத்தம் வரும்.

சனிக்கிழமை பகல் அவர் அப்படிப் படுத்திருந்தபோதுதான் போன் அடித்தது. மபாஸா.

"உம்மாக்கு என்ன? ரெண்டு நாளா எனக்கு உம்மாட ஒரு கோலும் வரல்ல. நான் உறங்கிட்டன், பாக்கல்ல. என்னட்ட மறைக்காதீங்க. உம்மா மௌத்தாப் போயிட்டாவா?"

"அல்லாவே! வாய அலம்பு. மாமி நல்லா இரிக்கிறா."

"அப்ப தண்ணி ஆர் குடுக்கிற? ஆர்ட்டக் கேக்கிறா?"

உள்ளே இருந்து உம்மு குல்சூம் உரத்துக் கூப்பிட்டார். "மகன், அந்தப் போன இஞ்ச கொண்டு வாங்க!"

மாமியின் குரலும், அந்த 'மகன்' என்ற சொல்லும் கொழும்புக்குக் கேட்டுவிட்டன. அத்தாஉல்லா போனை ஸ்பீக்கரில் போட்டு மாமியின் தலையணையில் வைத்தார்.

"உம்மா? நீங்க அவரோட நேரக் கதைக்கிறீங்களா?"

"கதைக்கிறன். லொறிய வேணாமெண்டதும் நான்தான். சிலாபத்துல ஒருத்தரும் மறிக்கல்ல."

மபாஸா அழத் தொடங்கினாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று அத்தாஉல்லா இந்த முறை நினைக்கவில்லை. கொஞ்சம் தேறியிருந்தார்.

"அப்ப நான் ஒருத்தருக்கும் தேவையில்ல," என்றாள் மபாஸா. "நாலு வருசம் நான் இல்லாட்டி ஒண்டும் நடக்காதெண்டு இரிந்தன். ஒரு போத்தலும் நாலு வார்த்தையும் போதுமா இரிந்திருக்கு."

"விசரி," என்றார் உம்மு குல்சூம். "எனக்கு நீ வேணும்டி. தண்ணி தாறதுக்கில்ல. நாலு வருசமா நீ என்னோட கதைச்சதே இல்ல மகள். குளிச குடிச்சீங்களா, திரும்புங்க, கையத் தூக்குங்க, அவ்வளவுதான். நல்லா உறங்கிட்டு, கதைக்கிறதுக்கு வா. இப்பவே கதைக்கிறதெண்டாலும் கதை."

"என்னத்தக் கதைக்கிற உம்மா?"

"புள்ளைய நான் இன்னும் பாக்கல்ல. மூக்கு ஆர்ர மூக்கு?"

மபாஸா மூக்கை உறிஞ்சினாள்.

"உங்கட மூக்குத்தான் உம்மா. சப்ப மூக்கு."

"என்ட மூக்கு சப்பையா? உன்ட வாப்பா இந்த மூக்கப் பாத்துத்தான்டி என்னய முடிச்சார்!"

தாயும் மகளும் சிரிக்கத் தொடங்கினார்கள். அத்தாஉல்லா ஓசைப்படாமல் எழும்பி வெளியே வந்தார். மணி மூன்றுதான் ஆகியிருந்தது, சட்டப்படி இன்னும் ஒரு மணித்தியாலம் அவர் உறங்க வேண்டும். பாயை உதறிப் போட்டுப் படுத்தார். உள்ளே கதை ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் நின்று கடத்திவிட ஒருவரும் தேவைப்படவில்லை.